சனிக்கிழமை எண்ணெயும் மூணாம் ஷிப்டும்

என் வீட்டுக்காரர் உறங்கும்போது உலகம் வாயைப் பொத்திக்கொண்டு இருக்க வேண்டும் என்று நான் சண்டை போட்ட காலம் ஒன்று உண்டு. உலகம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. சேரன்மகாதேவியில் நாங்கள் குடியிருந்த வளவு, அதில் சுவரோடு சுவர் ஒட்டி ஒரே வரிசையாக ஆறு வீடுகள், எதிரே தண்ணீர்க் குழாய், முடுக்குச் சந்தின் முனையில் ஓர் அம்மன் கோயில். அந்த அம்மனையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கொடைத் திருவிழாவுக்கு ஸ்பீக்கர் கட்டிய அன்று கமிட்டிக்காரரிடம் போய், "உறங்குத மனுசன எழுப்பித்தான் உங்க அம்மன் வரம் கொடுப்பாளாக்கும்" என்று கேட்டுவிட்டு வந்தேன். அவர் ஸ்பீக்கரின் வாயை ஆற்றுப் பக்கம் திருப்பிக் கட்டச் சொன்னார். அம்மன் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. என் வீட்டுக்காரருக்குப் பேட்டையில் ஒரு நூல் மில்லில் வேலை. மூணாம் ஷிப்ட், அதாவது ராத்திரி போய் விடிந்தபின் வருவது. மற்றவர்களுக்கு வாரத்துக்கு ஒரு ஷிப்ட் மாறும். இவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் மேஸ்திரியைப் பார்த்து, "நீரு என்ன வே, பெரிய கலெக்டரா" என்று கேட்டுவைத்ததில் மூணாம் ஷிப்ட் இவருக்கே பட்டா போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. வாய் அப்படி. அந்த வாய்க்குத்தான் நான் கழுத்தை நீட்டினேன், யாரைக் குறை சொல்ல.

வேலை என்னவென்றால், ஓடுகிற மெஷின் பக்கத்தில் நடந்துகொண்டே இருக்க வேண்டும். நூல் அறும், ஒட்ட வேண்டும். மறுபடி அறும், மறுபடி ஒட்ட வேண்டும். ஒரு நாள் நடந்துகொண்டிருக்கும்போதே கண் சொருகி, சட்டைக் கையை மெஷின் பிடித்து இழுத்துவிட்டது. சட்டை கிழிந்து போனது, கை தப்பியது. வீட்டுக்கு வந்து கிழிந்த கையைத் தூக்கிக் காட்டி, "நல்ல துணிட்டி, போச்சு" என்றார். அன்றிலிருந்து என் வேலை ஒன்றே ஒன்றுதான். இந்த மனிதன் பகலில் உறங்க வேண்டும். உறங்கினால்தான் கை இருக்கும், கை இருந்தால்தான் சோறு.

ஆகையால் வாசலில் நான் உட்கார்ந்தேன். எங்கள் பக்கம் பெண்கள் பாதிப் பேர் பீடி சுற்றுவார்கள். மடியில் சுளகு என்கிற முறத்தை வைத்து, இலையை வெட்டி, தூளைப் போட்டு, சுருட்டி, நூலைக் கட்டுவது. சத்தமில்லாத வேலை, காவலுக்குத் தோதான வேலை. கீரைக்காரி முடுக்குக்குள் நுழையும்போதே கையைக் காட்டுவேன். அவள் வாயை மூடிக்கொண்டு கூடையை இறக்குவாள், நாங்கள் விரலைக் காட்டியே விலை பேசுவோம். குக்கர் விசிலடிக்கும் என்று பானையில் சோறு வடித்தேன். பிள்ளைகள் இரண்டும் சண்டை போட வேண்டுமானால் ஆற்றங்கரைக்குப் போய்ப் போட்டுவிட்டு வரும். காக்காயை மட்டும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

இத்தனை செய்தும் அந்த மனிதனுக்கு உறக்கம் வரவில்லை. படுப்பார், புரளுவார், ஒரு மணி நேரம் கண்ணயர்வார், வெயில் ஓட்டுச் சந்து வழியாக முகத்தில் விழுந்ததும் எழுந்து உட்கார்ந்து என்னைத் திட்டுவார். வெயிலுக்கும் நான்தான் பொறுப்பு. ஆனால் உறங்கக் கூடாத இடத்தில் எல்லாம் அருமையாக உறங்கினார். ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டே உறங்கினார். முடிவெட்டும் கடை நாற்காலியில் உறங்கி, தலை ஆடியதில் ஒரு பக்க மீசை போய்விட்டது. ஒரு தடவை காலையில் பேட்டையில் பஸ் ஏறியவர் எங்கள் ஊரான சேர்மாதேவியில் இறங்காமல் உறங்கிக்கொண்டே அம்பாசமுத்திரம் போய்விட்டார். அங்கே கண்டக்டர் எழுப்பி இறக்கிவிட, திரும்பி வருகிற பஸ்ஸில் ஏறி, மறுபடியும் உறங்கி, பேட்டையையும் தாண்டி ஜங்ஷனில் போய் முழித்தார். வீடு வந்து சேரும்போது மத்தியானச் சோறு ஆறிக் கிடந்தது. "எங்கன போயிருந்தீங்க" என்றேன். "ரெண்டு டிக்கெட்டு செலவு" என்றார், கேட்ட கேள்விக்கும் சொன்ன பதிலுக்கும் சம்பந்தமில்லாமல்.

இங்கேதான் என் மதினி வருகிறாள். அவருடைய அக்கா. அடுத்த வீடு. தம்பிமேல் உயிர். குரல் இருக்கிறதே, அவள் வீட்டில் மெதுவாகப் பேசினால் எங்கள் அடுப்படியில் தெளிவாகக் கேட்கும், சத்தம் போட்டால் ஆற்றுக்கு அக்கரையில் கேட்கும். அவள் தம்பியின் சிவந்த கண்ணை இமையைப் பிதுக்கிப் பார்த்துவிட்டு அடித்துச் சொல்லிவிட்டாள்.

"சூடு. மில்லுச் சூடு ஒடம்புல ஏறிக் கெடக்கு. சூட்டுலதான் உறக்கம் வரமாட்டேங்கு. சனிக்கிழமை தவறாம எண்ணெ தேச்சுக் குளிலே. கண்ணு குளுந்துரும்."

யாருக்கு இதில் ஆட்சேபம் இருக்க முடியும்? ஆண்களுக்குச் சனியும் புதனும், பெண்களுக்குச் செவ்வாயும் வெள்ளியும் எண்ணெய்க் குளியல் என்பது எங்கள் ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். நானே சீயக்காய் திரித்து வைத்தேன். சனிக்கிழமை காலையில் பஸ்ஸைவிட்டு இறங்கி, கண்ணைத் திறக்க முடியாமல் வருகிற மனிதனை வாசலிலேயே பிடித்து மணையில் உட்கார்த்தி, உச்சந்தலையில் எண்ணெயை வைத்துத் தட்டுவாள் மதினி. அது ஊறி, வெந்நீர் ஊற்றிக் குளித்து, மிளகு ரசத்தோடு சூடாகச் சாப்பிட்டு எழுந்தால் அவருக்குக் கண் இரண்டும் தானாக மூடும். எண்ணெய் தேய்த்துக் குளித்தவன் எவனுக்கும் மூடும். அதற்குத்தானே குளிப்பது.

அங்கேதான் மதினி எழுந்து நிற்பாள்.

"ஏலே, படுத்திராத. எண்ணெ தேச்ச அன்னைக்குப் பகல்ல உறங்கப்பிடாது. சன்னி கண்டுரும்."

"யக்கா, கண்ணு சொக்குது."

"சொக்கத்தான் செய்யும். ராத்திரி நல்லா உறங்கலாம்."

ராத்திரி அவர் மில்லில் இருப்பார். அது மதினிக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் மூன்று பேரும் சேர்ந்து பகல் முழுக்க அவரை உறங்கவிடாமல் பார்த்துக்கொண்டோம். தேங்காய் உரிக்கச் சொல்வாள். களக்காட்டில் இருக்கும் பங்காளிகள் வாழைத் தோட்டத்து வரப்பை வெட்டிச் சுருக்கிய கதையை முதலிலிருந்து சொல்வாள். தலை தொங்கினால் தொடையில் கிள்ளுவாள். கிள்ளுகிற பொறுப்பு சில நேரம் என்னிடம் வரும், நானும் கஞ்சத்தனம் பார்க்க மாட்டேன். சாயங்காலம் அவர் செக்கச் செவேலென்ற கண்ணோடு மில்லுக்குக் கிளம்பும்போது மதினி மறுபடி இமையைப் பிதுக்கிப் பார்ப்பாள்.

"பாத்தியாட்டி, இன்னும் செவப்பு போகல. ஒரு நாள் பத்தாது. புதனும் சேத்துக்கிடணும்."

புதனும் சேர்ந்தது. ஆக வாரத்தில் இரண்டு பகல், உறக்கம் வருவதற்காக உறங்கவிடாமல் வைத்திருந்தோம். உறங்காததால் கண் சிவந்தது. சிவந்ததால் எண்ணெய். எண்ணெய் தேய்த்ததால் உறக்கமில்லை. வாரவிடுமுறை செவ்வாய்க்கிழமை, அன்று தேய்த்தால் ராத்திரி வீட்டில் கிடந்து உறங்கலாம். ஆனால் செவ்வாய் பெண்கள் குளிக்கிற நாள். ஆண்பிள்ளை அன்று எண்ணெய் வைத்தால் ஊர் என்ன சொல்லும்?

எட்டாம் வகுப்பு வரை படித்தவள் நான். வாயில்லாப் பூச்சியும் இல்லை. அம்மனையே கேள்வி கேட்டவளுக்கு, இவருக்குப் பகல்தானே ராத்திரி என்று ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. எண்ணெய் தேய்த்த அன்று பகலில் உறங்கினால் சன்னிக் காய்ச்சல் வரும் என்பது சூரியன் கிழக்கே உதிக்கிறது என்பது போல எங்களுக்கு. அதைப் போய் யார் யோசிப்பார்கள்.

இப்படியே வருஷங்கள் போயின. ஆளுக்கு வயிறு தள்ளியது. நடந்தால் மூச்சு இரைத்தது. பின்மண்டை வலிக்கிறது என்று துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு கிடப்பார். கோபம் மட்டும் குறைவில்லை. தட்டில் உப்பு வலப்பக்கம் இருந்தாலும் ஏச்சு, இடப்பக்கம் இருந்தாலும் ஏச்சு. வளவுக்காரர்கள், "ஆளு நல்லாப் பெருத்துட்டாரே, மில்லுச் சம்பளமா" என்று கேட்டார்கள். மதினிக்கு அதில் ஒரு பெருமை, எண்ணெய் வேலை செய்கிறதாம்.

பிறகு அவளுக்கு இன்னொரு யோசனை வந்தது. வெந்நீர் சூடு, அதனால்தான் சூடு இறங்கவில்லை, ஆற்றுத் தண்ணீர்தான் சரி என்றாள். அந்தச் சனிக்கிழமை உடம்பு முழுக்க எண்ணெயைப் பூசி, இடுப்பில் துண்டைக் கட்டி, சீயக்காய்த் தூளைக் கையில் கொடுத்து ஆற்றுக்கு அனுப்பினோம். அணை திறந்துவிட்ட நேரம், தாமிரபரணி படித்துறையில் மேல்படி வரை போய்க்கொண்டிருந்தது. எண்ணெய் ஊறட்டும் என்று மனிதர் படியில் உட்கார்ந்திருக்கிறார். இளவெயில், காற்று, ராத்திரி முழுக்க நின்ற கால். உட்கார்ந்தபடியே உறங்கி, உறங்கியபடியே சரிந்து, தண்ணீருக்குள் போய்விட்டார்.

கொஞ்சம் கீழே ஒருவர் எருமை குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். அவர் பாய்ந்து தலைமயிரைப் பிடித்தால் எண்ணெய், வழுக்குகிறது. கையைப் பிடித்தால் அதுவும் வழுக்குகிறது. கடைசியில் இடுப்புத் துண்டைப் பிடித்து, அது அவிழ்வதற்குள் எருமையின் முதுகில் சாய்த்து, கரையில் கொண்டுவந்து போட்டிருக்கிறார். வீடுவரை தாங்கிக்கொண்டுவந்து விட்டவர், என்னிடம் ஒரு வார்த்தை சொன்னார்.

"யக்கா, அண்ணாச்சி தண்ணிக்குள்ளயும் உறங்கிக்கிட்டுத்தான் இருந்தாரு. கண்ணே முழிக்கல."

நான் சிரிக்கவா அழவா என்று தெரியாமல் நின்றேன். வீட்டுக்காரரோ சொட்டச் சொட்ட நின்றுகொண்டு, "சீயக்காய் ஆத்தோட போச்சு" என்கிறார். சட்டைக் கை போனபோதும் இப்படித்தான் சொன்னார். எனக்கு எங்கிருந்தோ வந்தது ஆத்திரம். உள்ளே போய் எண்ணெய்த் தூக்குவாளியை எடுத்தேன். நல்லெண்ணெயைக் குப்பையில் கொட்ட மனசு வரவில்லை, செக்கில் ஆட்டியது. அதனால் மதினி வீட்டு வாசலில் கொண்டுபோய் நங்கென்று வைத்தேன்.

"இனிமே இத உங்க தோசைக்கு ஊத்திக்கிடுங்க. எங்க வீட்டு ஆளு தலையில ஒரு சொட்டு படக்கூடாது."

"ஏட்டி, நான் என்ன அவன் கெட்டுப்போகணும்னா சொன்னேன்?"

"நல்லாருக்கணும்னுதான் சொன்னீங்க மதினி. அதான் எனக்குப் பயமா இருக்கு."

அவள் வாயை அடைத்தது என் வாழ்நாளில் அந்த ஒரு தடவைதான். வளவே எட்டிப் பார்த்தது. நான் திரும்பி வந்து, ஈரத் துண்டோடு நின்றவரை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன். எண்ணெய் தேய்த்த அன்று, பகலில், சாயங்காலம் வரை உறங்கினார். சன்னி வரவில்லை. ஜலதோஷம்கூடப் பிடிக்கவில்லை.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவரை டவுனில் ஒரு டாக்டரம்மாவிடம் இழுத்துக்கொண்டு போனேன். மருந்தைவிட ஏச்சு அதிகம் கொடுக்கிறவர் என்று பெயர். எனக்கு அப்படிப்பட்டவர்தான் வேண்டியிருந்தது. பெஞ்சில் காத்திருக்கும்போதே இவர் உறங்கிவிட்டார், பக்கத்திலிருந்த அம்மா தோளில் சாய்ந்து. அவளுக்குச் சமாதானம் சொல்லி முடிப்பதற்குள் உள்ளே கூப்பிட்டார்கள்.

கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார். பிரஷர் இருக்கிறது. நான் எண்ணெய் விஷயத்தைச் சொன்னேன், புதன்கிழமையையும் விடாமல் சொன்னேன். கேட்டுவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டார்.

"எண்ணெ தேச்சா தேய்க்கட்டும், தேய்க்காட்டிப் போகட்டும். மனுசன உறங்க விடுங்கம்மா. உறக்கம் கெட்டா ஒடனே ஒண்ணும் ஆகாது, அதான் யாருக்கும் தெரிய மாட்டேங்கு. பைய பையத்தான் வரும். மொதல்ல கோவம் வரும். பொறவு வயிறு வைக்கும். பொறவு பிரஷர், சுகர், நெஞ்சுன்னு ஒண்ணொண்ணா வந்து உக்காந்துக்கிடும்."

"கோவம் மட்டும் பொறந்ததுலேர்ந்தே இருக்கு டாக்டர்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டச் சொன்னார். ஷிப்ட் முடிகிற நேரத்தில் டீ குடிக்கக் கூடாது என்றார். எந்த நாளானாலும் ஒரே நேரத்துக்குப் படுக்க வேண்டும், முடிந்தால் ஷிப்டை மாற்றிக் கேட்க வேண்டும் என்றார். மேஸ்திரியின் காலில் விழுவது என்று அப்போதே முடிவு செய்தேன். அவர் விழ மாட்டார், நான்தான் விழ வேண்டும்.

பிறகு எழுதிக்கொள்வதற்காகக் கேள்வி கேட்டார். எத்தனை மணிக்குப் படுப்பார், எத்தனை தடவை முழிப்பார், குறட்டை உண்டா, நடுவில் மூச்சு முட்டுகிறதா. கேட்டது அவரை, பதில் சொன்னது நான். எல்லாம் எனக்கு மனப்பாடம். எந்தப் பக்கம் புரண்டால் குறட்டை நிற்கும், எந்த வண்டிச் சத்தத்துக்குக் கண் திறப்பார், எந்தச் சத்தத்துக்குத் திறக்க மாட்டார் என்பது வரைக்கும் சொன்னேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இவ்வளவையும் பாத்துக்கிட்டே இருந்திருக்கீங்களே, நீங்க எப்ப உறங்குதீங்க?"

எதைக் கேட்டாலும் எனக்கு வாயில் ஒரு பதில் தயாராக இருக்கும். அன்று விரல்விட்டு எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. விடியுமுன் குழாயில் தண்ணீர் வரும், அதற்கு எழ வேண்டும். பகலில் காவல். சாயங்காலம் பிள்ளைகள். அவர் மில்லுக்குப் போனபின் பகலில் முடியாத பீடிக் கட்டை முடிக்க வேண்டும். படுத்தாலும், ஆண்பிள்ளை இல்லாத வீடு, தாழ்ப்பாள் சத்தத்துக்கு ஒரு காது திறந்தே கிடக்கும். மில்லில் அவர் கையை மெஷின் பிடித்து இழுப்பது போலக் கண்ணுக்குள் ஓடும். இதையெல்லாம் உறக்கம் என்று சொல்லலாமா கூடாதா என்று எனக்கே தெரியவில்லை. என் வீட்டுக்காரர் திரும்பி என்னைப் பார்த்தார். இப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே அப்போதுதான் அவருக்கும் தெரியும் போல.

டாக்டரம்மா என் கையை இழுத்துப் பட்டையைச் சுற்றினார். காற்றடித்தார், இறக்கினார், மறுபடி அடித்தார். அந்தக் கையை விட்டுவிட்டு அடுத்த கையில் சுற்றினார்.

"அவருக்குப் பரவாயில்ல. மாத்திரை ஒங்களுக்குத்தான் மொதல்ல" என்றார்.

வீட்டுக்கு வரும் வழி முழுக்க அவர் உறங்கவில்லை. சேர்மாதேவி வந்ததும் என்னைத் தட்டி, "எறங்கணும்" என்று அவர்தான் சொன்னார். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன், உறங்கவில்லை. யாரையாவது ஏச வேண்டும் போல இருந்தது. மில்லையா, மேஸ்திரியையா, மதினியையா, அல்லது சீயக்காய்க்கு அழுத இந்த மனிதனையா என்று ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

மதினிக்குச் செய்தி அவர் சொல்லியிருக்க வேண்டும். வியாழக்கிழமை காலையில் அவர் மில்லிலிருந்து வந்து சாப்பிட்டுப் படுத்ததும், நான் சுளகை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தால், என் இடத்தில் மதினி உட்கார்ந்திருக்கிறாள், மணையைப் போட்டுக்கொண்டு. எண்ணெய்ச் சண்டைக்குப் பிறகு நாங்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் என்னைப் பார்க்காமலே கையை நீட்டிச் சுளகை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"போய்ப் படு. ஒன் பீடிய நான் சுத்துதேன்."

"பகல்லயா?"

"ஆமா, பகல்லதான். சவத்த, சன்னி வந்தா நான் பாத்துக்கிடுதேன்."

உள்ளே ஜன்னலில் என்னுடைய பழைய கறுப்புப் பாவாடை தொங்கியது. அந்த இருட்டில் அவர் பக்கத்தில் போய்ப் படுத்தேன். கல்யாணமான புதிதில்கூடப் பகலில் படுத்ததில்லை, யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள். உறக்கம் வரவில்லை. வெளியே என்ன சத்தம் கேட்கிறது என்றுதான் காது போனது. கீரைக்காரி வந்தாள். அக்கரைக்குக் கேட்கும் குரல்காரி மதினி, அவளிடம் குசுகுசுவென்று பேசினாள். "அவயம் போடாத, ரெண்டு பேரும் உறங்குதாவ" என்றாள். அந்த 'ரெண்டு பேரும்' காதில் விழுந்ததுதான் எனக்கு நினைவிருக்கிறது.

முழித்தபோது விளக்கு வைத்திருந்தார்கள். துடித்து எழுந்தேன். பிள்ளைகள் சாப்பிட்டாயிற்று. குடத்தில் தண்ணீர் இருந்தது. பீடிக் கட்டுகள் மூலையில் அடுக்கியிருந்தன, கொஞ்சம் கோணலாக. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குக் கிளம்பி நின்றார், எழுப்பாமல். நான் ஒரு பகல் முழுக்க உறங்கியதில் ஒரு குடியும் முழுகிப்போகவில்லை. கண்ணை மூடினால் முழுகிவிடும் என்றுதான் இத்தனை வருஷமும் வாசலில் உட்கார்ந்திருந்தேன். அடுப்படிக்குள் போய் நின்று அழுதேன், நன்றாக, சத்தமாகவே அழுதேன். அவர் உள்ளே வந்து, "சோறு இருக்குட்டி, சாப்பிடு" என்றார்.

மேஸ்திரி காலில் விழ இன்று நாளை என்று தள்ளிப்போட்டதில் அதற்கு அவசியமே வராமல் போனது. இரண்டு வருஷத்தில் மில்லையே மூடிவிட்டார்கள். அவர் இப்போது ராத்திரி படுத்தால் விடியும்வரை உறங்குகிறார், பிரஷர் இறங்கி, மாத்திரையைக்கூட நிறுத்திவிட்டார்கள். மதினி போய்ச் சேர்ந்துவிட்டாள். எனக்கு மட்டும் தண்ணீர் வராத குழாய்க்கு இன்னும் விடியுமுன் முழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து உட்கார்ந்து, அவர் எந்தப் பக்கம் புரண்டிருக்கிறார் என்று பார்த்துவிட்டு, என் மாத்திரையைப் போட்டுக்கொள்கிறேன்.